யாரும் ஓட்டுப் போடாத நீதிபதி, சட்டமன்றத்தின் சட்டத்தை ரத்து செய்யலாமா?

"கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒரு சட்டம் போடுகிறது. யாரும் ஓட்டுப் போடாத இரண்டு நீதிபதிகள் அதைச் செல்லாது என்கிறார்கள். இது எந்த ஊர் ஜனநாயகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். தமக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்த அன்று மட்டும் இதைக் கேட்டு, பிடித்த தீர்ப்பு வந்ததும் மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் பொதுவாகக் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். நம் நாட்டில் நாடாளுமன்றத்துக்கு மேலே நீதிமன்றம் இல்லை. இரண்டுக்கும் மேலே அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் கொடுக்கும் 245-வது பிரிவே 'இந்த அரசியலமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு' என்றுதான் ஆரம்பிக்கிறது. அதிகாரம் வரும்போதே எல்லையோடு வருகிறது. 13-வது பிரிவு இன்னும் வெளிப்படையானது. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும், குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அரசு இயற்றக் கூடாது. இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது. அவசரச் சட்டம், அரசாணை, விதி, அறிவிக்கை, வழக்கம் எல்லாமே அங்கே 'சட்டம்' என்பதில் அடங்கும். பஞ்சாயத்து போடும் துணைவிதிகூடத் தப்பாது.

இந்த இடத்தில் அமெரிக்காவை இழுத்து வருபவர்கள் உண்டு. அங்கே நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று அரசியலமைப்பில் நேரடியாக எழுதவில்லை. 1803-ல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான் தர்க்கத்தின் மூலம் அந்த முடிவுக்கு வந்தார். பிரிட்டனில் எழுதிவைத்த ஒற்றை அரசியலமைப்பே கிடையாது. அங்கே நாடாளுமன்றத்தின் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. நமது நிலை இரண்டிலும் சேராது. அரசியல் நிர்ணய சபை இதைத் தெரிந்தே எழுதி வைத்தது. உரிமை பறிபோனவர் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்று சொல்லும் 32-வது பிரிவை அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் அந்தச் சபையில் சொன்னார். நீதிபதிகள் தாமாகப் பறித்துக்கொண்ட அதிகாரம் இது என்று சொல்வது, இந்தியாவைப் பொறுத்தவரை தவறு.

இந்த அதிகாரம் முதன்முதலில் பரீட்சைக்கு வந்ததில் பெரும்பங்கு சென்னை மாநிலத்துக்கு உண்டு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கொடுத்த முக்கியத் தீர்ப்புகளைப் புரட்டினால், எதிர்த்தரப்பில் 'சென்னை மாநிலம்' என்ற பெயரை மறுபடி மறுபடி பார்ப்பீர்கள்.

1950 மே 19. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் தீர்ப்பு. சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவை மட்டும் அடித்தது. அந்தப் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? ஒருவரை ஏன் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அரசு கொடுத்த காரணங்களை, நீதிமன்றத்துக்குக்கூட வெளியிடக் கூடாது. காரணத்தையே பார்க்க முடியாத நீதிமன்றம் எதை விசாரிக்கும்? அந்தத் தீர்ப்பில் தலைமை நீதிபதி கனியா இன்னொன்றையும் சொன்னார். 13-வது பிரிவு மிகையான முன்னெச்சரிக்கையாக எழுதப்பட்டது. அது இல்லாவிட்டாலும், உரிமையை மீறும் சட்டத்தை மீறிய அளவுக்குச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

ஒரே வாரம் கழித்து, மே 26. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. முதலில் உயர் நீதிமன்றம் போகட்டும் என்றது சென்னை அரசுத் தரப்பு. 32-வது பிரிவு இருக்கும்போது அப்படி அனுப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பொது ஒழுங்கு என்ற பரந்த காரணத்தைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க, பேச்சுரிமைக்கு அரசு போடக்கூடிய வரம்புகளைச் சொல்லும் அன்றைய 19(2) இடம் தரவில்லை என்பதால் சட்டப்பிரிவே செல்லாமல் போனது.

மூன்றாவது, மிக முக்கியமானது, வகுப்புவாரி அரசாணை வழக்கு. நீதிக்கட்சி காலத்தில் வேர்விட்ட ஏற்பாடு அது. வழக்கு வந்தபோது இருந்த வடிவத்தில், மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் கணக்கு இப்படி: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம்கள் 1. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்காகவும், சி.ஆர்.சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் உட்கார்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே மனுதாரர் தரப்பில் வாதாடினார். செண்பகம் உண்மையில் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விண்ணப்பம் போடாமலே நீதிமன்றம் வருவதை நாங்கள் ஆமோதிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டுவிட்டுத்தான் மேலே போனது.

1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகளும் அந்த அரசாணை செல்லாது என்றார்கள். தர்க்கம் எளிமையானது. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க 16(4) அனுமதிக்கிறது. கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசும் 29(2)-ல் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. எழுதாததை நாங்கள் எழுத முடியாது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் 46-வது பிரிவு வழிகாட்டு நெறிதான். அது அடிப்படை உரிமையைத் தாண்டிப் போகாது.

இந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. நூற்றாண்டுகளாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளையும், படிப்பையே பரம்பரைச் சொத்தாக வைத்திருந்தவர்களின் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிற்க வைத்து இதுதான் சமத்துவம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. பெரியார் தலைமையில் மாநிலம் கொந்தளித்தது. இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 1951 ஜூன் 18-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் ஒப்புதல் பெற்றது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு எந்தத் தடையும் இல்லை என்று 15(4) சேர்க்கப்பட்டது. எந்த இடம் காலி என்று நீதிமன்றம் காட்டியதோ, சரியாக அந்த இடத்தில். ரொமேஷ் தாப்பர் தீர்ப்புக்கும் அதே திருத்தத்தில் பதில் வந்தது. 19(2)-ல் 'பொது ஒழுங்கு' நுழைந்தது.

ஆக, நீதிமன்றம் சொன்னது கடைசி வார்த்தையாக இல்லை. சாதாரணப் பெரும்பான்மையோடு போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகும் அது வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகள் நினைத்தால் அரசியலமைப்பையே திருத்தலாம். அதற்கு இரு அவைகளிலும் கூடுதல் பெரும்பான்மை வேண்டும், பகிரங்கமாக விவாதிக்க வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். சந்தடி இல்லாமல் ஓர் அரசாணையில் செய்துவிட முடியாது, அவ்வளவுதான்.

அந்த ஆரம்ப நாட்களின் மனநிலையை அறிய வி.ஜி.ராவ் வழக்கைப் படிக்கச் சொல்வேன். மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பை ஓர் அறிவிக்கை மூலம் சட்டவிரோதமானது என்று சென்னை அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ் எதிர்த்தார். 1952 மார்ச் 31-ல் தீர்ப்பு எழுதியவர், சென்னையிலேயே வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்து தலைமை நீதிபதியான பதஞ்சலி சாஸ்திரி. சட்டமன்றத்தோடு மல்லுக்கட்டும் ஆசையில் நாங்கள் இதைச் செய்யவில்லை, அரசியலமைப்பு எங்கள் மேல் தெளிவாகச் சுமத்திய கடமை இது என்பது அவர் சொன்னதன் சாரம். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் விழித்திருக்கும் காவலாளி என்றும் எழுதினார். ரத்தான சட்டம், அரசு தன் மனதில் திருப்தியடைந்தாலே போதும் என்று வைத்திருந்தது. சங்கத்தின் தரப்பை ஒரு நீதிமன்றம் விசாரிக்கும் வழியே அதில் இல்லை. நீங்கள் ஓர் அமைப்பில் இருந்து, ஒரு நாள் காலையில் அது சட்டவிரோதம் என்று கெஜட்டில் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பான்மையிடம் போக முடியாது. தடை போட்டதே பெரும்பான்மையின் அரசு.

பழைய கதை போதும். நம் கண்ணெதிரே நடந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சட்டமன்றம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது புரியும்.

ஒன்று, ஜல்லிக்கட்டு. 2009-ல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மத்திய அரசின் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு அது மோதுகிறது. மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் அப்படி மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும், மாநிலச் சட்டம் பிழைக்க வேண்டுமானால் 254(2)-ன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அது இல்லை. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. இந்த முறை அரசு புதிதாகத் தனிச் சட்டம் போடவில்லை. 1960 சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதலையும் வாங்கியது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. நீதிமன்றம் காட்டிய ஓட்டையைச் சட்டமன்றம் அடைத்தது, நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று, சமச்சீர் கல்வி. 2010-ல் இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அடிப்படையில் செல்லும் என்று உறுதி செய்திருந்தது. 2011-ல் ஆட்சி மாறியது. புத்தகங்கள் அச்சாகியிருந்த நிலையில், திட்டத்தையே தள்ளிப்போடும் திருத்தச் சட்டம் வந்தது. பள்ளி திறந்தும் பாடப்புத்தகம் இல்லாமல் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்த ஜூன், ஜூலை மாதங்கள் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மறந்திருக்காது. ஜூலை 18-ல் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அடித்தது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, பத்து நாளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. செல்லும் என்று நீதிமன்றம் உறுதி செய்த சட்டத்தை, தள்ளிப்போடுகிறோம் என்ற பெயரில் ரத்து செய்வது தன்னிச்சையானது என்பதும், தீர்ப்பைச் சட்டம் போட்டு இல்லாமலாக்க முடியாது என்பதும் அதன் உள்ளடக்கம்.

தீர்ப்புக்குக் காரணமான குறையை நீக்கிச் சட்டமன்றம் புதிய சட்டம் போடலாம். குறையை அப்படியே வைத்துக்கொண்டு 'அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று சட்டம் போட முடியாது. ஜல்லிக்கட்டில் முதலாவது நடந்தது, சமச்சீரில் இரண்டாவதற்கு முயன்றார்கள்.

சரி, அரசியலமைப்பையே திருத்தலாம் என்றேனே, எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? இதில் நீண்ட இழுபறி நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்படை உரிமைகளைத் திருத்தவே முடியாது என்று 1967-ல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அது அளவுக்கு மீறிய தீர்ப்பு என்பதே என் கருத்து. 1973 ஏப்ரல் 24-ல், காசர்கோடு எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகளில் 7 பேர் நடுவழி கண்டார்கள்: எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது. இது புத்தகத்தில் எழுதாத வரம்பு என்ற குற்றச்சாட்டு உண்மை. ஆனால் நெருக்கடி நிலையின்போது பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றே 39-வது திருத்தம் வந்ததே, அதை 1975-ல் நீதிமன்றம் எதை வைத்துத் தடுத்தது? இந்த வரம்பை வைத்துத்தான்.

இதன் நீட்சியாக நம் நீலகிரியில் இருந்து ஒரு வழக்கு. முதல் திருத்தத்தில் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதில் சேர்த்த சட்டத்தை அடிப்படை உரிமை மீறல் என்று எதிர்க்க முடியாது. நிலச் சீர்திருத்தத்துக்காக 13 சட்டங்களோடு தொடங்கிய பட்டியல் 284 வரை வளர்ந்தது. கூடலூரில் ஜென்ம நிலங்கள் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் 1969-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் காடுகள் தொடர்பான பகுதி செல்லாது என்று 1972-ல் தீர்ப்பு வர, 1974-ல் சட்டம் முழுவதையும் அந்த அட்டவணைக்குள் வைத்துவிட்டார்கள். 2007 ஜனவரி 11-ல் ஐ.ஆர்.கொய்லோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்றார்கள். 1994-ல் அங்கே சேர்க்கப்பட்ட நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் அதில் வரும். அதை எதிர்த்த வழக்குகள் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. சமூகநீதியில் உறுதியாக இருக்கும் நம்மில் பலர் இந்தத் தாமதமே நல்லது என்று ஆறுதல் அடைவதைப் பார்க்கிறேன். அந்தச் சட்டம் புள்ளிவிவரத்தோடு நீதிமன்றத்தில் நின்று ஜெயிக்கும் என்று நம்புகிறவன் நான். ஒளித்து வைத்துக் காக்க வேண்டிய நிலை அதற்கு இல்லை.

இந்த மறுஆய்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் தாண்டி ரொம்பத் தூரம் போக வேண்டாம். சுதந்திரத்தின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29-வது பிரிவு இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகையோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் இடையூறோ தரும் சட்டம் செல்லாது என்றது அது. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு ஊழியர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். 1964-ல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள்ளேயே போகாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969-ல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் அது தவறு என்று சொல்லி, முக்கியக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை. 1972-ம் ஆண்டின் புதிய அரசியலமைப்பில் 29-வது பிரிவு காணாமல் போனது; நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழியும் போனது. 1978 அரசியலமைப்பிலும் அதே நிலை: மசோதாவாக இருக்கும் குறுகிய நாட்களுக்குள் எதிர்த்தால் உண்டு, சபாநாயகர் சான்று எழுதிய பிறகு 80(3)-ன்படி எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. இலங்கையில் நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையில் ஒருபோதும் பெரும்பான்மை ஆக முடியாத ஒரு சமூகத்துக்கு, ஓட்டுப் பெட்டி மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் கோடீஸ்வரன் வழக்கைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

நீதிபதிகள் தவறினால் என்ன என்று கேட்பீர்கள். தவறியிருக்கிறார்கள், படுமோசமாக. நெருக்கடி நிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976-ல் ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்து எழுதிய எச்.ஆர்.கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போனது. அந்தத் தவறை முதலில் திருத்தியது நாடாளுமன்றம்: இனி எந்த நெருக்கடியிலும் 21-வது பிரிவு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை முடக்க முடியாது என்று 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்தது. நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தவறு என்று ஒதுக்கியது 2017-ல்தான்.

நடைமுறையில் இதை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு சட்டம் செல்லாது என்று அறிவிக்க உயர் நீதிமன்றத்தாலும் உச்ச நீதிமன்றத்தாலும்தான் முடியும். மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும் உரிமையியல் வழக்கில் அந்தக் கேள்வி வந்தால், அவர்கள் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 113-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும். செல்லாது என்று காட்டும் சுமை மனுதாரர் தலையில். ஒரு பகுதி மட்டும் பழுது என்றால் அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றவே நீதிமன்றம் பார்க்கும். கோபாலன் வழக்கில் நடந்தது அதுதான்.

செல்லாது என்று அறிவித்ததும் சட்டப் புத்தகத்திலிருந்து அந்த வரிகள் தாமாக அழிந்துவிடுவதில்லை. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்பினால் தண்டனை என்று சொன்ன, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் 'ஷ்ரேயா சிங்கல்' வழக்கில் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. 2021-ல் இது நீதிமன்றத்துக்கு வந்தபோது, அச்சிட்ட சட்டத்தில் பிரிவு அப்படியே இருப்பதும், ரத்தானது என்பது அடிக்குறிப்பில் மட்டும் இருப்பதும் சொல்லப்பட்டது. நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள்; 2022-ல் எல்லா மாநிலங்களுக்கும் கண்டிப்பான உத்தரவு போனது. உங்களுக்குத் தெரிந்த யார் மேலாவது முகநூல் பதிவுக்காக 66ஏ போட்டு எஃப்.ஐ.ஆர். இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது ஜாமீனைப் பற்றி அல்ல. 'ஷ்ரேயா சிங்கல்' தீர்ப்பின் நகலை இணைத்து அந்தப் பிரிவையே நீக்கச் சொல்லி மனு போடச் சொல்லுங்கள்.